சீல் மாற்றுமுன் காரணத்தைத் தேடுவோம்

காலபோக விதைப்புத் தொடங்கும் காலம். முதல் மழை பெய்து நிலம் நனைந்திருந்தது. எமது பணியகத்தின் பழைய லாண்ட் ரோவரில் விதைநெல் மூடைகளை ஏற்றிக்கொண்டு, மீளக்குடியமர்ந்த ஒரு கிராமத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். மூடைகளின் மேல் அக்கிராமத்தவர் ஐவர் அமர்ந்திருந்தனர். குளக்கட்டிலிருந்து பாதை இறங்கி மதகைக் கடக்கும் இடத்தில் எதிரே மாடுகள் வந்தன. சாரதி பிறேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை. ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் வாய்க்காலுக்குள் சரிந்தது. ஒரு தாயின் கை முறிந்தது. நான்கு மூடை விதைநெல் தண்ணீருக்குள் போனது. அவ்வளவோடு தப்பினோம்.

சில்லைக் கழற்றிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. இடது பின் சில்லின் பிறேக் ட்றம் முழுவதும் கியர் ஒயிலில் ஊறிப்போயிருந்தது. ஒயிலில் நனைந்த பிறேக் பிடிக்காது என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். எம்மை வெட்கப்பட வைத்தது அதுவல்ல. இதே சில்லுக்கு அந்த ஓராண்டுக்குள் மூன்று தடவை ஒயில் சீல் மாற்றியிருந்தோம். மூன்று தடவையும் காசு கொடுத்தோம். மூன்று தடவையும் "திருத்தியாகிவிட்டது" என்று கொப்பியில் எழுதிவைத்தோம்.

வண்டியை இழுத்து எடுக்க வந்தவர்களில் ஒருவர் வயதான மெக்கானிக். 1990 இல் பொருளாதாரத் தடை வந்த பின்னர், பெற்றோல் இல்லாத வன்னியில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிக் காட்டிய தலைமுறையைச் சேர்ந்தவர். அவர் சொன்னது இது: "சுவாமி, மூண்டு தரம் சீல் மாத்தினீங்கள், சரி. அது ஏன் மூண்டு தரமும் போனது எண்டு ஆரும் கேட்டீங்களோ?" பின்னர் வண்டிக்குக் கீழே படுத்து, பின் அக்சில் குழாயின் மேற்புறத்தில் சேறு இறுகி மூடிக்கிடந்த ஒரு சிறு முனையைச் சுரண்டிக் காட்டினார். "இது அக்சில் மூச்சு விடுற இடம். மூச்சை அடைச்சுப்போட்டுச் சீல் மாத்தி என்ன பிரயோசனம்?"

அந்தக் கேள்வியை நாம் கேட்டிருக்கவில்லை. ஒரு தாயின் கைக்கும் நான்கு மூடை விதைநெல்லுக்கும் நாமே பொறுப்பு. அதனாலேயே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

எமது கருத்து இதுதான்: ஒயில் சீல் பெரும்பாலும் குற்றவாளி அல்ல, சாட்சி. சாட்சியை மாற்றுவதால் வழக்குத் தீராது. எமது கிராமங்களில் இரண்டு பழக்கங்களைக் காண்கிறோம். "பழைய வண்டி என்றால் ஒயில் வடியும்தானே" என்று மேலும் மேலும் ஒயில் ஊற்றி ஓடுவது ஒன்று. வடிந்தவுடன் சீல் மட்டும் மாற்றிவிட்டு மறந்துவிடுவது மற்றொன்று. முதலாவது உயிருக்கு ஆபத்து. இரண்டாவது வறியவரின் காசுக்குக் கேடு. இரண்டையும் நாம் கைவிட வேண்டும்.

பழைய வண்டியை ஏன் பேச வேண்டும்?

"இந்தக் கிழட்டு வண்டிகளை விற்றுவிட்டுப் புதியது வாங்கலாமே" என்று நகரத்து நண்பர்கள் கேட்கிறார்கள். 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலையே எம் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. இறக்குமதி திறந்த பின்னரும் புதிய வண்டியின் விலை எமது குடும்பங்கள் நினைத்துப் பார்க்கக்கூடியதாக இல்லை. ஆகவே, கையில் இருப்பதைக் காப்பதே வழி.

அதோடு, இடம்பெயர்ந்தவர்களின் வண்டிகளுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. மரங்களுக்குக் கீழும் இடிந்த கொட்டில்களிலும் ஆண்டுக்கணக்காக நின்றவை பல. 2009 இல் முல்லைத்தீவுக் கரையோரத்தில் உப்புக் காற்றில் கைவிடப்பட்டுக் கிடந்தவையும் உண்டு. ஓடாமல் நின்ற வண்டியின் இறப்பர் சீல் காய்ந்து இறுகிவிடும். சீல் உரசி ஓடும் இரும்பில் துரு ஏறிவிடும். அப்படிப்பட்ட வண்டியை மீட்டெடுத்து எஞ்சின் உறுமியவுடன் மகிழ்ந்துவிடுகிறோம். அக்சிலைப் பார்ப்பதில்லை. எஞ்சின் ஓடவைக்கும், நிறுத்துவது பிறேக்தான்.

அக்சிலுக்குள் நடப்பது என்ன?

இங்கே நாம் பேசுவது 1958 முதல் 1985 வரை வெளிவந்த சீரீஸ் 2, 2ஏ, 3 வகை லாண்ட் ரோவர்களைப் பற்றியது. பிந்திய வண்டிகளிலும் வேறு ஜீப் வகைகளிலும் சில உறுப்புகள் வேறுபடும். ஆனால் காரணத்தைத் தேடும் முறை ஒன்றே.

பின் அக்சிலில் உருண்டையான பெட்டி இருக்கிறது. அது டிபரன்சியல். அதற்குள் 90 இலக்கக் கியர் ஒயில் நிற்கும். சாதாரண அக்சிலுக்கு ஏறத்தாழ 1.75 லீற்றர். நீள வண்டிகள் பலவற்றில் உள்ள பாரமான அக்சிலுக்கு ஏறத்தாழ 2.5 லீற்றர். இந்தப் பெட்டியிலிருந்து இரு பக்கமும் குழாய் போகிறது. குழாயின் நடுவே அக்சில் தண்டு ஓடிச் சில்லைச் சுழற்றுகிறது. தண்டு பாரத்தைத் தாங்குவதில்லை. பாரத்தைத் தாங்குவது குழாயின் நுனியில் உள்ள ஹப்பும், அதற்குள் இருக்கும் இரண்டு பெயாரிங்குகளும்.

வண்டி ஓடும்போது ஒயில் குழாய் வழியே ஹப் வரை வந்து பெயாரிங்குகளை நனைக்கும். அது நல்லது. ஆனால் ஹப்பைத் தாண்டிப் பிறேக் ட்றமுக்குள் அது போகக் கூடாது. அந்த எல்லையில் காவல் நிற்பதே ஒயில் சீல். ஹப்பின் உட்பக்கத்தில் அது இறுகப் பொருத்தப்பட்டிருக்கும். அதன் மெல்லிய உதடு, அக்சில் நுனியில் ஏற்றப்பட்ட ஒரு வழுவழுப்பான இரும்பு வளையத்தின் மேல் உரசிக்கொண்டு சுற்றும். சீல், வளையம், பெயாரிங், அக்சிலின் மூச்சுத்துளை ஆகிய நான்கும் ஒரு குடும்பம். ஒன்று கெட்டால் அந்தச் சுமை சீலின் மேல்தான் விழும்.

முதலில், வடிவது எது?

சில்லின் உட்பக்கம் நனைந்திருந்தால் உடனே ஒயில் சீல் என்று முடிவு கட்ட வேண்டாம். பிறேக் ஒயிலும் அதே இடத்தில்தான் வடியும். கொஞ்சத்தை விரலில் தொட்டு, ஒரு சிரட்டைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். கியர் ஒயில் தடிப்பாக இருக்கும், கந்தக வாடை வீசும், தண்ணீரில் மிதக்கும். வழமையான பிறேக் ஒயில் மெல்லியது, தண்ணீரோடு கலந்துவிடும். அது பிறேக் ஒயிலாயின் பழுது வீல் சிலிண்டரில். அப்போது வண்டியை ஒரு அடிகூட ஓட்டக் கூடாது.

கியர் ஒயில்தான் என்றால் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். டிபரன்சியலின் முன்பக்கம், சுழலும் தண்டு வந்து சேரும் இடம் நனைந்திருந்தால் அது அங்குள்ள சீலின் கசிவு. பெட்டியின் விளிம்பைச் சுற்றி நனைந்திருந்தால் பக்கிங் கசிவு. இவை இரண்டும் ஒயிலைக் குறைக்கும். ஆனால் பிறேக்கைத் தொடா. சில்லின் வெளிப்பக்கம், ஹப்பின் நடுவில் நனைந்திருந்தால், அக்சில் தண்டின் தட்டுக்கும் ஹப்புக்கும் இடையிலான கடதாசிப் பக்கிங் போயிருக்கலாம். ரயரின் உட்சுவரில் ஒயில் கோடுகளும், ட்றமின் பின்தட்டின் அடிப்பகுதியில் ஒயிலில் பிசைந்த தூசியும் இருந்தால்தான் நாம் தேடும் ஹப் சீல் கசிவு. தெளிவாகத் தெரியாவிட்டால், மண்ணெண்ணெயால் வெளிப்பக்கத்தைத் துடைத்துக் காயவிட்டு, சுமையின்றி மெதுவாகச் சில மைல் ஓடிவிட்டு மீண்டும் பாருங்கள். புதிதாக நனையும் இடமே கசியும் இடம்.

இரண்டாவது, ஏன் வடிகிறது?

இதுவே முக்கியமான கேள்வி. சில்லைக் கழற்றுமுன் விடை தேட வேண்டிய கேள்வியும் இதுதான்.

மூச்சுத்துளை அடைபட்டிருக்கலாம். அக்சில் ஓடச் சூடேறும். சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரியும். அது வெளியேற அக்சில் குழாயின் மேல் ஒரு சிறு முனை உண்டு. அதனுள் ஒரு சிறு குண்டு அசையும். சேறு அதை அடைத்தால் காற்றுக்கு வேறு வழி இல்லை. ஒயிலைத் தள்ளிக்கொண்டு சீலின் உதட்டைத் தாண்டியே வெளியேறும். எமது வயற்பாதைகளில் இது அடிக்கடி நிகழ்வது. இன்னொரு கேடும் உண்டு. சூடான அக்சில் வெள்ளத்துக்குள் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும். அப்போது தேய்ந்த சீல் வழியே தண்ணீரை உள்ளே உறிஞ்சும். ஒயிலை இறக்கிப் பார்க்கும்போது பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். அந்த ஒயிலை மீண்டும் ஊற்றக் கூடாது. மூச்சுத்துளை முனையைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, காதருகே வைத்துக் குலுக்கினால் குண்டு அசையும் சத்தம் கேட்க வேண்டும். இதற்குக் காசு வேண்டியதில்லை, கால்மணி நேரம் போதும். வெள்ளப் பாதையில் அடிக்கடி ஓடுபவர்கள், அந்த இடத்திலிருந்து ஒரு இறப்பர் குழாயை மேலே கொண்டுபோய்ச் சேறு எட்டாத இடத்தில் கட்டிவைப்பது நல்லது.

ஒயில் கூடியிருக்கலாம். கசிகிறது என்று அஞ்சி மேலதிகமாக ஊற்றுவோர் உண்டு. அது கசிவைக் கூட்டும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஊற்றும் துளையின் மூடியைக் கழற்றுங்கள். ஒயில் துளையின் கீழ் விளிம்பு வரை நின்றால் போதும். அதற்கு மேல் இருப்பது வழிந்து போகட்டும்.

பெயாரிங் தளர்ந்திருக்கலாம். சில்லை ஜக்கில் உயர்த்தி, ரயரின் மேலும் கீழும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். மட்டுமட்டாக உணரக்கூடிய அளவு ஆட்டம் இருக்கலாம். கடகடவென்று ஆடினால் பெயாரிங் தளர்ந்துவிட்டது அல்லது தேய்ந்துவிட்டது. ஆடும் ஹப்பில் சீலின் உதடு ஒரு பக்கம் நசியும், மறுபக்கம் வாய் திறக்கும். அங்கே புதிய சீல் போட்டாலும் சில வாரம்தான் நிற்கும். சில்லைக் கையால் சுழற்றிக் கேளுங்கள். கரகரவென்ற சத்தம் வந்தால் பெயாரிங் மாற்ற வேண்டியதே.

வளையம் தேய்ந்திருக்கலாம். பழைய வண்டிகளில் மிகப் பொதுவானது இது. எல்லோரும் பார்க்காமல் விடுவதும் இதுதான். பல ஆண்டுகள் சீலின் உதடு ஒரே இடத்தில் உரசி, இரும்பு வளையத்தில் ஒரு பள்ளக் கோடு விழுந்திருக்கும். நகத்தால் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் தடக்கினால் அந்த வளையத்தில் எந்தப் புதிய சீலும் நீண்ட நாள் நிற்காது. துருக் குழிகள் இருந்தாலும் அப்படியே. வண்டி நீண்டகாலம் நின்றதாயின் இதை முதலில் சந்தேகியுங்கள்.

மூன்றாவது, திருத்துவது எப்படி?

முதலில் ஓர் எச்சரிக்கை. இந்த வண்டியின் கைப்பிறேக் சில்லுகளைப் பிடிப்பதில்லை. கியர்ப் பெட்டிக்குப் பின்னால் சுழலும் தண்டையே பிடிக்கிறது. ஆகவே ஒரு பின் சில்லை நிலத்திலிருந்து உயர்த்தியவுடனோ, ஓர் அக்சில் தண்டைக் கழற்றியவுடனோ கைப்பிறேக் வண்டியைத் தாங்காது, வண்டி உருளும். கைப்பிறேக்கை இழுத்துவிட்டோம் என்று நம்பிப் படுக்காதீர்கள். சமமான உறுதியான தரையில் நிறுத்தி, நிலத்தில் நிற்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை அண்டை கொடுங்கள். உயர்த்திய பின் அக்சிலுக்குக் கீழ் பலமான மரக்குற்றிகளை அடுக்குங்கள். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் வேலை செய்ய வேண்டாம்.

சில்லைக் கழற்றிய பின் ட்றமைப் பிடித்திருக்கும் மூன்று ஸ்குறூக்களைக் கழற்றி ட்றமை எடுக்கலாம். உள்ளே உள்ள தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றாலும் அடிக்காதீர்கள். பழைய பிறேக் லைனர்களில் கல்நார் கலந்திருந்தது. அந்தத் தூசி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளின் பின் கொல்லக்கூடியது. ஈரத் துணியால் துடைத்து, அத்துணியைப் பையில் கட்டிப் புதையுங்கள். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

ஹப்பின் நடுவில் உள்ள ஆறு போல்ட்களைக் கழற்றினால் அக்சில் தண்டைத் தட்டோடு வெளியே இழுக்கலாம். கீழே ஒரு பாத்திரம் வையுங்கள், ஒயில் வடியும். உள்ளே இரண்டு பெரிய நட்டுகளும், அவற்றுக்கு நடுவே மடித்துவிட்ட லொக் வாசரும் இருக்கும். இதற்கு 52 மில்லிமீற்றர் பெட்டி ஸ்பானர் வேண்டும். உளியும் சுத்தியலும் கொண்டு தட்டிக் கழற்றுவதை எங்கும் காண்கிறோம். அது நட்டையும் கெடுக்கும், இரும்புத் துகளைப் பெயாரிங்குக்குள்ளும் விடும். அந்த ஸ்பானர் விலை கூடியதல்ல. ஒரு கிராமத்துக்கு ஒன்று போதும்.

ஹப்பை இழுத்தெடுத்ததும் வளையத்தையும் பெயாரிங்குகளையும் கழுவிப் பாருங்கள். வளையம் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். புதிய வளையத்தின் உட்பக்கம் சிறிது பக்கிங் பசை பூசி ஏற்றினால், வளையத்துக்கு அடியால் ஒயில் ஊறுவதும் நிற்கும். வளையம் கிடைக்காவிட்டால், புதிய சீலினைச் சற்று முன்னோ பின்னோ தள்ளிப் பொருத்தி, உதடு தேயாத இடத்தில் ஓடும்படி செய்யலாம். இது தற்காலிக வழி மட்டுமே.

சீல் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். அதன் முகத்தில் இலக்கம் இருக்கும். இலக்கம் அழிந்திருந்தால் உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு ஆகிய மூன்று அளவுகளைக் கொண்டு கடைக்காரர் தேடித் தருவார். பொருத்தும்போது சுருள்கம்பி உள்ள பக்கம் ஒயில் இருக்கும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் அன்றே கசியும். உதட்டில் சிறிது கிறீஸ் பூசுங்கள். சுத்தியலால் நேரே அடிக்காமல், தட்டையான பலகைத் துண்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்குங்கள். ஹப்பை ஏற்றும்போது பாரத்தில் உதடு மடிந்துவிடாமல் நேராகத் தள்ளுங்கள். புதிய சீல்கள் பல இந்த இடத்தில்தான் பழுதாகின்றன.

உள் நட்டை இறுக்கும்போது ஹப்பைச் சுழற்றிக்கொண்டே இறுக்கி, பெயாரிங் அமர்ந்த பின் சற்றே தளர்த்துங்கள். ஒரு கடதாசியின் தடிப்பைத் தாண்டாத ஆட்டம் இருக்க வேண்டும். வெளி நட்டை இறுக்கிய பின் மீண்டும் பாருங்கள், அளவு மாறியிருக்கும். சரியானபின் லொக் வாசரின் விளிம்பை மடியுங்கள். பழைய வாசரை இரண்டாம் தடவை மடிக்க வேண்டாம், அது முறிந்துவிடும். தட்டுக்குரிய கடதாசிப் பக்கிங் கிடைக்காவிட்டால் தடித்த கடதாசியில் அளவாக வெட்டிக்கொள்ளலாம்.

பிறேக் லைனரைக் காப்பாற்ற முடியுமா?

பெரும்பாலும் முடியாது. ஒயிலில் ஊறிய லைனரைப் பெற்றோலில் கழுவி, நெருப்பில் காட்டி, மீண்டும் போடுகிறோம். பார்வைக்குக் காய்ந்திருக்கும். வண்டி ஓடி ட்றம் சூடேறியதும் உள்ளே ஊறிய ஒயில் மேலே வரும். அதுவும் பாரம் ஏற்றி இறக்கத்தில் வரும்போதுதான் வரும். எமக்கு நிகழ்ந்தது அதுவே. சீல் மாற்றிய ஒவ்வொரு தடவையும் லைனரைக் கழுவித்தான் போட்டிருந்தோம். லைனரை மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஆகையால் இரு பின் சில்லுகளுக்கும் ஒன்றாக மாற்றுங்கள். சுமை ஏற்றுமுன் வெற்று வண்டியில், ஆளில்லாத பாதையில் பிறேக்கைச் சோதியுங்கள். சில மைல் ஓடியபின் ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் நட்டு அதிகமாக இறுகியிருக்கிறது.

லாண்ட்மாஸ்டர் வைத்திருப்போருக்கும் இது பொருந்தும்

எம்மிடம் ஜீப் இல்லையே என்று இக்கட்டுரையைத் தள்ளிவைக்க வேண்டாம். சேற்று உழவு முடிந்த லாண்ட்மாஸ்டரின் சில்லுகளைக் கழற்றி அக்சிலைப் பாருங்கள். வைக்கோலும் நைலோன் கயிறும் பொலித்தீனும் சுற்றி இறுகியிருக்கும். அவை சீலின் உதட்டுக்குள் புகுந்து அதை வெட்டுகின்றன. அவ்வழியே சேறு உள்ளே போகிறது, ஒயில் வயலுக்கு வருகிறது. அங்கும் சீல் மாற்றுவதைவிட, ஒவ்வொரு நாள் உழவின் பின்னும் சுற்றியதை வெட்டி எடுப்பதே மருந்து. பெரிய உழவு இயந்திரங்களிலும் பின் சில்லுப் பிறேக் ஒரு பக்கம் பிடிக்காவிட்டால், இறுக்கிச் சரிசெய்யுமுன் ஒயில் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

கராஜ்காரரைக் குறை சொல்லலாமா?

எமது சீல் மூன்று தடவை மாற்றப்பட்டதற்குக் கராஜைக் குறை சொல்ல முதலில் நினைத்தோம். பின்னர் எம்மையே கேட்டுக்கொண்டோம். "மாலைக்குள் வண்டி வேண்டும்" என்று அவசரப்படுத்தியது யார்? "வளையம் வேண்டாம், பெயாரிங் வேண்டாம், சீல் மட்டும் போடுங்கள்" என்று செலவைக் குறைத்தது யார்? நாம்தான். குறைந்த செலவு என்று எண்ணியதை மூன்றால் பெருக்கி, அதனோடு ஒரு குடும்பத்தின் வைத்தியச் செலவையும் கூட்டிப் பார்த்தோம். முழு வேலையையும் ஒரே தடவையில் செய்திருந்தால் அதைவிடக் குறைவாகவே முடிந்திருக்கும்.

எல்லா வண்டியையும் காப்பாற்றலாம் என்றும் நாம் சொல்லவில்லை. அக்சில் குழாய் வளைந்திருந்தாலோ, பெயாரிங் அமரும் நுனி தேய்ந்திருந்தாலோ, சீலும் வளையமும் மாற்றி ஏமாற வேண்டாம். நல்ல பட்டறைக்குக் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் வண்டியை நிறுத்துங்கள். ஆட்களை ஏற்றிக்கொண்டு பரீட்சை செய்யும் உரிமை எவருக்கும் இல்லை.

நாம் முன்வைக்கும் ஆலோசனைகள்

பொது வண்டி உள்ள ஒவ்வொரு சங்கமும் ஒரு கொப்பி வைத்திருக்கட்டும். என்ன மாற்றினோம் என்பதோடு, ஏன் மாற்றினோம் என்றும் எழுதட்டும். "ஏன்" என்ற பகுதி வெறுமையாக இருந்தால் பணம் கொடுக்க வேண்டாம். ஒரே உறுப்பு ஓராண்டுக்குள் இரண்டாம் தடவை போனால் கூட்டத்தில் பேசப்பட வேண்டும்.

பெட்டி ஸ்பானர், நல்ல ஜக், மரக்குற்றிகள் ஆகியவற்றை அயற்கிராமங்கள் சேர்ந்து வாங்கலாம். காலபோக மழைக்கு முன், புரட்டாதியில், எல்லா வண்டிகளின் மூச்சுத்துளையையும் ஒயில் மட்டத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். அதற்கு மெக்கானிக் தேவையில்லை. பொறுமையுள்ள இளைஞர்களும் யுவதிகளும் போதும். கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண்கள் பலர் எம்மிடையே லாண்ட்மாஸ்டர் ஓட்டுகிறார்கள். ஓட்டத் தெரிந்தவர்க்குத் திருத்தவும் சொல்லிக்கொடுப்பது எமது கடமை.

கிராமங்களுக்கு வண்டி கொடுக்கும் நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. வண்டியைக் கையளிக்கும் நாளில் படம் எடுத்துவிட்டுப் போவதோடு பணி முடிவதில்லை. அந்த வண்டிக்குரிய கைந்நூலைத் தமிழில் கொடுங்கள். முதல் தொகுதிச் சீல், வளையம், பக்கிங், லைனர் ஆகியவற்றையும் கொடுங்கள். இரண்டு பேருக்காவது கழற்றிப் பூட்டக் கற்றுக்கொடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கொடுப்பது வண்டியல்ல, கடன்.

கடைசியாக, இறக்கிய ஒயிலைக் கிணற்றடியிலோ வாய்க்கால் ஓரத்திலோ ஊற்றாதீர்கள். கானில் சேர்த்துக் கராஜில் கொடுங்கள். நாளை அதே தண்ணீரைத்தான் நாம் குடிக்கப்போகிறோம்.

அந்தத் தாயின் கை பொருந்திவிட்டது. ஆனால் அந்தப் போகத்தில் அவரால் நாற்றுப் பிடுங்கவோ களை எடுக்கவோ முடியவில்லை. பிள்ளைகள்தான் பாடசாலைக்குப் போகாமல் வயலில் இறங்கினார்கள். பார்க்கப் போன எம்மிடம் அவர் கோபிக்கவில்லை. "வண்டி இப்ப நிக்குமோ சுவாமி?" என்று மட்டும் கேட்டார். இப்போது ஒவ்வொரு மாதமும் மூச்சுத்துளையைச் சுரண்டும்போது அந்தக் கேள்விக்குத்தான் விடை சொல்கிறோம். உங்கள் வண்டியில் ஏறுபவர்களும் அதே கேள்வியைக் கேட்கக்கூடும். அவர்கள் கேட்குமுன் வண்டிக்குக் கீழே ஒரு தடவை படுத்துப் பாருங்கள்.